பெயர் சொல்லாத சாட்சிகள்

இகத்புரி,
12 ஜூலை 1964

அண்ணனுக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பொய்யை எதற்கு எழுத வேண்டும்? இங்கே சுகமில்லை.

நாங்கள் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு போலீஸ்காரர்கள் தாராவி வீட்டிலிருந்து தாதருக்கு அழைத்துப் போய் ரயிலேற்றி, கசாரா மலை தாண்டும்வரை எதிர்ப் பலகையிலேயே உட்கார்ந்து வந்தார்கள். ஒருவன் பீடி பற்றவைத்து உங்கள் மாப்பிள்ளையான என் வீட்டுக்காரரிடமும் ஒன்று நீட்டினான். ஊருக்கே ஆகாத ரவுடி என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த மனிதரிடம், தீப்பெட்டியையும் அல்லவா சேர்த்து நீட்டுகிறான்! அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

நடந்தது எதுவும் சரியாகத் தெரியாது என்று நீங்கள் மதினியிடம் சொன்னீர்களாம். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். பாத்திரப் பட்டறையில் தகடு அழுத்துகிற மிஷினுக்கு ஒரு காப்புக் கம்பி உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகும் என்று மானேஜர் கழற்றச் சொன்னான். கூட வேலை பார்க்கிற பூலோகத்தின் வலது கையில் நாலு விரல் போயிற்று. கம்பியை மாட்டு என்று கேட்ட ஒன்பது பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு தொழிலாளர் கோர்ட்டில் நவம்பரில் வருகிறது. கம்பியைக் கழற்றச் சொன்னதைப் பக்கத்து மிஷினில் நின்று கண்ணால் பார்த்தவர் உங்கள் மாப்பிள்ளை. அவர்தான் முதல் சாட்சி. அந்தச் சாட்சிதான் இப்போது பம்பாயிலும் தாணா ஜில்லாவிலும் இரண்டு வருஷத்துக்குக் கால் வைக்கக் கூடாது.

உத்தரவை இங்கே ரயில்வே பார்சல் குமாஸ்தாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'மேற்படி ஆறுமுகநயினார் வேலையாட்களையும் கடைக்காரர்களையும் மிரட்டி வருகிறார். அவருக்குப் பயந்து யாரும் வெளிப்படையாகச் சாட்சி சொல்ல முன்வருவதில்லை' என்று இருக்கிறது. யாரை மிரட்டினார்? எந்தத் தெருவில்? யார் சொன்னது? ஒன்றும் இல்லை. சாட்சி இல்லை என்பதே சாட்சியாம்!

இதைவிடப் பெரிய கூத்தைக் கேளுங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், பஜாரில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கையைக் கூப்பினான். பார்த்தால் பூதத்தான்! நம் தாராவியில் கள்ளச்சாராய அடுப்புகளை நடத்திக்கொண்டு ஊரை நடுங்கவைத்தவனேதான். "வாங்க அண்ணாச்சி. நம்மூரு ஆளுக ஒவ்வொருத்தரா வந்து சேருதீய. நமக்கும் துணை வேணும்லா" என்றான். போன வருஷம் ஊர்விலக்கு உத்தரவில் தடிபார் ஆனவன், எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஊர் இதுதான் என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். சர்க்கார் எங்களை அவனோடு ஒரே தராசில் வைத்துவிட்டது.

மேல்மனுவுக்கு ஒரு மாசம்தான் தவணை. நீங்கள் காங்கிரஸ்காரர், தாராவி அமைதிக் கமிட்டிக்குச் செயலாளர். 'எனக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும், இவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

மகள் பேராச்சியை உங்கள் வீட்டில் விட்டுவந்தது பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்பதற்காக. அவளை மதினி அடிக்கக் கூடாது. அவள் தலைமுடி சிக்கு விழும். எண்ணெய் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சொர்ணம்


செம்பூர்,
21 ஜூலை 1964

தங்கை சொர்ணம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேராச்சி நன்றாக இருக்கிறாள். முருகம்மாள் அவளை அடிப்பாள் என்று நீ எப்படி நினைத்தாய்? அந்த வரியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நீ கேட்ட நாலு வரியை எழுத முடியாது. ஏன் என்று பொறுமையாகக் கேள்.

டீக்கடை அமிர்தநாதனை நினைத்துப் பார். மாமூல் தர மறுத்ததற்காகப் பூதத்தான் அவன் கன்னத்தைக் காதிலிருந்து வாய்வரை கீறினான். பட்டப்பகல். தெருவில் எத்தனையோ பேர் நின்றார்கள். கோர்ட்டில் ஒருவராவது வாயைத் திறந்தார்களா? அமிர்தநாதனே, "இருட்டுல ஆரு கீறினான்னு தெரியல சாமி" என்று சொன்னான். பூதத்தான் மாலை போட்டுக்கொண்டு தெருவுக்குத் திரும்பினான். அவனை ஊரைவிட்டு வெளியேற்ற எந்தச் சட்டத்தால் முடிந்தது? நீ இப்போது கரித்துக்கொட்டும் இதே சட்டத்தால்தான். சாட்சிகளின் பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்று போலீஸ் வாக்குக் கொடுத்தபிறகுதான் ஜனங்கள் பேசினார்கள். அதற்காக நான் ஒரு வருஷம் ஆபீஸ் விட்டதும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடந்தேன். அன்றைக்கு நம் தெருவில் லட்டு வாங்கிக் கொடுத்தது யார்? உன் வீட்டுக்காரர்தான். அப்போது அவர் சட்டம் படிக்கவில்லையா?

மாப்பிள்ளை நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செங்கொடிக்காரர்களோடு சேர்ந்தபிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. பூலோகத்துக்கு விரல் போன அன்று மானேஜரின் சட்டையைப் பிடித்து, "உன் கையையும் அதே மிஷின்ல வச்சுப் பாப்பமால?" என்று கேட்டாரா இல்லையா? பட்டறை முழுக்கக் கேட்டிருக்கிறது. அதற்குப் பெயர் மிரட்டல் இல்லாமல் என்ன? ஊரை ஒழுங்குபடுத்துகிற சட்டம் ஒருவனுக்குத் தைத்த சட்டை இல்லை. நம் வீட்டு ஆளுக்கு இறுக்குகிறது என்பதற்காகக் கிழித்துப் போட முடியாது.

கமிட்டிச் செயலாளர் தன் சொந்தத் தங்கை புருஷனுக்கு மட்டும் நற்சான்று எழுதினான் என்றால் நாளை எவன் என் பேச்சைக் கேட்பான்? அதனால் எழுத்தில் ஒன்றும் வேண்டாம். உத்தரவு போட்ட போலீஸ் அதிகாரிக்கு என்னைத் தெரியும். நேரில் போய் மரியாதையாகச் சொல்கிறேன். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. அதுவரை யூனியன் வக்கீலை வைத்து மேல்மனு, கீழ்மனு என்று கிளப்பவேண்டாம். காரியம் கெடும்.

பிரம்மநாயகம்


இகத்புரி,
9 ஆகஸ்ட் 1964

அண்ணனுக்கு,

நீங்கள் மரியாதையாகப் பேசி முடிக்கும்வரை தவணை நிற்காது. யூனியன் வக்கீல் மூலம் மேல்மனு போட்டாயிற்று. காரியம் கெடட்டும்.

ஆமாம், அவர் மானேஜர் சட்டையைப் பிடித்தார். அப்படித்தான் கேட்டார். பூலோகத்தின் விரல்கள் தகட்டோடு ஒட்டிக் கிடந்தன அண்ணா. அவற்றைப் பார்த்துவிட்டு எந்த மனிதன் வணக்கம் சொல்லுவான்? அது குற்றம் என்றால் குற்றம் என்று வழக்குப் போடட்டும். மானேஜர் கூண்டில் ஏறி, இன்ன தேதியில் இப்படிச் சொன்னான் என்று சொல்லட்டும். இவரும் ஏன் சொன்னேன் என்று பதில் சொல்வார். ஜட்ஜ் மூணு மாசம் போட்டால் ஜெயிலுக்குப் போகிறார். நான் அழமாட்டேன். ஆனால் வழக்கைப் போட்டால் மிஷின் கதையும் கூண்டில் ஏறும். அதனால்தானே வழக்கே இல்லாமல் ஊரைவிட்டுத் தள்ளினார்கள்? இதுகூடப் புரியாமலா உங்களை ஆபீஸில் ஹெட் கிளார்க் ஆக்கினார்கள்?

லட்டு கதைக்கு வருகிறேன். கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். பூதத்தான் போனான், ஒழிந்தது சனி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எங்கே போனான் என்று ஒருவராவது கேட்டோமா? இங்கே வந்து பாருங்கள். பஜாரில் காய்கறி விற்கிறவள், பழம் விற்கிறவன் ஒவ்வொருவரிடமும் அவன் மாமூல் வாங்குகிறான். நம் வீட்டுக் குப்பையைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, வீடு சுத்தமாகிவிட்டது என்று லட்டுத் தின்றிருக்கிறோம். என் பக்கத்தில் சைனப் என்று ஒரு விதவை காய்கறிக் கூடை வைக்கிறாள். நான் தாராவிக்காரி என்று தெரிந்ததும் அவள் கேட்டது இதுதான்: "உங்க ஊரு ஷைத்தானை எதுக்கு எங்க ஊருக்கு அனுப்புனீங்க?" இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், சொல்லிவிடுகிறேன்.

நான் ஸ்டேஷன் ரோட்டில் இட்லி போடுகிறேன். மழையில் அடுப்பு அணைந்து அணைந்து எரிகிறது. அவர் விறகு டிப்போவில் மூட்டை தூக்குகிறார். பம்பாய் வண்டி இங்கே நின்று எஞ்சின் மாற்றுகிறபோது பிளாட்பாரத்தின் ஓரத்தில் போய் நிற்பார். ஏறமாட்டார். பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

அதிகாரி என்ன சொன்னார்?

சொர்ணம்


செம்பூர்,
18 அக்டோபர் 1964

தங்கை சொர்ணத்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. எழுதக் கூசியது. அவ்வளவுதான்.

அதிகாரியைப் பார்க்க மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பினார்கள். என்னை, சொர்ணம்! கமிட்டி மனுவோடு போனபோதெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்த அதே ஆபீஸில். மூன்றாம் முறை உள்ளே விட்டார்கள். ஆறுமுகநயினார் என் தங்கையின் கணவர், அவர் ரவுடி இல்லை என்பது எனக்கு நேரில் தெரியும், அவர் மேல் சொன்னது யார், என்ன சொன்னார்கள் என்று மட்டும் காட்டுங்கள், பொய் என்றால் நிரூபிக்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். "ஆப் லோக் ஹீ தோ மாங்கே தே" என்றார். நீங்கள்தானே கேட்டீர்கள்! சாட்சியின் பெயரை வெளியே விடக்கூடாது என்று இதே மேஜை முன் நின்று மன்றாடியது நீங்கள்தானே, செயலாளர் சாகேப்? பூதத்தான் அண்ணனோ தம்பியோ வந்து ஃபைலைக் கேட்டிருந்தால் காட்டச் சொல்லியிருப்பீர்களா? உங்கள் வீட்டு ஆள் என்றதும் சட்டம் கசக்கிறதா?

நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்தேன். நமஸ்காரம் ஏன் சொன்னேன் என்று இன்னும் என்மேலேயே கோபமாக இருக்கிறது.

நீங்கள் போட்ட மேல்மனுவும் தள்ளுபடி ஆகிவிட்டதாக வக்கீல் சொன்னார். ஒரே வரி. காரணம்கூட எழுதவில்லை. படித்த மனிதர்கள் ஒரு வரிக்கு மேல் எழுதச் சோம்பினால் ஒரு குடும்பம் மலை தாண்டிக் கிடக்க வேண்டுமா?

ஆனாலும் ஒன்று சொல்லுவேன், கோபிக்காதே. கத்தியைத் தப்பாக வீசியவன் கையைத்தான் நான் குறை சொல்லுவேன். கத்தியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல அதிகாரி கையில் இருந்தால் இந்தச் சட்டத்தால் நல்லது நடக்கும். நான் மந்திரிக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது அவசரமான விஷயம். நவம்பர் 18 அன்று தொழிலாளர் கோர்ட்டில் வழக்கு. மாப்பிள்ளை ஒரு நாள் மட்டும் வந்துபோக அனுமதி கேட்டு மனு கொடுத்திருப்பது தெரியும். அனுமதி கைக்கு வராமல் அவர் ரயில் ஏறக்கூடாது. ஏறினால் அது தனிக் குற்றம், ஜெயில் நிச்சயம். அவர் இல்லாவிட்டாலும் வழக்கு நடக்கும். நீ அவரைப் பிடித்து நிறுத்து.

பேராச்சியை வகுப்பில் யாரோ 'தடிபார் மகள்' என்று சொன்னார்களாம். முருகம்மாள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பிரம்மநாயகம்


செம்பூர்,
19 நவம்பர் 1964

சொர்ணம்,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

நேற்று நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் நின்றேன். மாப்பிள்ளை வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நின்றேன். வந்தார். நீ துவைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மலைக் குளிரில் உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. நான் கையைப் பிடித்தேன். "மாப்பிள்ளை, அடுத்த வண்டிக்கே திரும்பிப் போயிருங்க. நான் கெஞ்சிக் கேக்கேன்" என்றேன்.

"அனுமதிக்கு எழுதிக் கேட்டாச்சு மச்சான். பதில் வரல. விரல் போனவன் உள்ள உக்காந்திருக்கான். நான் சொல்லிட்டு வந்துருதேன்" என்றார். என் கையை மெதுவாக எடுத்துவிட்டு உள்ளே போனார்.

நானும் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். சொர்ணம், கோர்ட்டில் ஒரு சாட்சி சொல்வதை நான் முழுதாகப் பார்த்தது நேற்றுதான். பெயர், தகப்பனார் பெயர், வேலை எல்லாம் சொன்னார். பார்த்ததைச் சொன்னார். பட்டறை வக்கீல் எழுந்து அவரைக் குடைந்தார். எங்கே நின்றாய், வெளிச்சம் இருந்ததா, யூனியன் சொல்லிக்கொடுத்ததா, மானேஜரை மிரட்டினாயா? "சட்டையைப் பிடிச்சது நெசம். அப்படிக் கேட்டதும் நெசம். அதுக்கு முந்தி அவரு கம்பியக் கழத்தச் சொன்னதும் நெசம்" என்றார். நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்டும் ஒரு சொல் மாறவில்லை. மானேஜர் எதிரேதான் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. இவரை ஊரைவிட்டு விரட்டியவர்களில் ஒருவனாவது இப்படி நின்றானா? ஒரு கேள்விக்காவது பதில் சொன்னானா? உண்மை சொல்ல வந்தவனை இவ்வளவு குடைகிற நாட்டில், பொய் சொன்னவனுக்கு மட்டும் திரை கட்டி விட்டிருக்கிறோமே!

படியிறங்கும்போது போலீஸ் நின்றது. விலங்கு போட்டார்கள். நான் சத்தம் போட்டேன். நடுத்தெருவில், வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு போலீஸ் அதிகாரியைப் பார்த்து, "வெட்கமில்லையா உங்களுக்கு?" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைதான், "விடுங்க மச்சான், பேராச்சிகிட்ட இப்பச் சொல்லாதீங்க" என்றார்.

அவர் வழக்கில் நான் சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறேன். அன்று நாலு வரி எழுதித் தராதவன் இன்று என்ன செய்வான் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

பிரம்மநாயகம்


இகத்புரி,
17 ஜனவரி 1965

அண்ணனுக்கு,

ஆறு மாசக் கடுங்காவல் என்று கேட்டதும் உங்கள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் கூண்டில் நின்று, இந்த மனிதரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும் என்று உரக்கச் சொன்னீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் மாஜிஸ்ட்ரேட் என்ன சொன்னார்? உத்தரவு சரியா தப்பா என்று பார்ப்பது என் வேலை இல்லை, மீறினாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்றார். உத்தரவைப் போட்டவரை யாரும் கேட்க முடியாது. மீறியவரை எல்லாரும் கேட்கலாம். இதற்குப் பெயர் நியாயமாம்!

இன்னொன்று. அவர் கேட்ட அனுமதிக்குப் பதில் வந்தது. அவரைப் பிடித்துப் பத்து நாள் கழித்து, இகத்புரி விலாசத்துக்கு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். அடுப்பில் போடக் கை போனது. போடவில்லை.

தொழிலாளர் கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டதாகப் பூலோகம் ஆள் விட்டுச் சொன்னான். நிறுத்தப்பட்டவர்களுக்குத் திரும்ப வேலை. மிஷினுக்குக் கம்பி மாட்டியாயிற்று. அவர் சாட்சியை வைத்துத்தான் ஜட்ஜே எழுதியிருக்கிறாராம். சந்தோஷம். அந்தக் கம்பியை மாட்டவைத்தவர் தாணா ஜெயிலில் கல் உடைக்கிறார்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், பதறாதீர்கள். அவர் உள்ளே போனது தெரிந்ததும் பூதத்தான் என் அடுப்பு முன்னால் வந்து நின்றான். "தங்கச்சி, ஆம்பள இல்லாத எடம். நான் பாத்துக்கிடுதேன். வாரா வாரம் ஏதாவது குடுத்துரு" என்றான். "எங்க வீட்டு ஆம்பள ஜெயில்ல இருக்காரு, செத்துப் போகல. நீ போ" என்றேன். மறுநாள் இட்லிக் கொப்பரையைக் காலால் உதைத்துத் தள்ளினான். சைனப் குறுக்கே வந்தாள். அவள் கையை முறுக்கி எலும்பை உடைத்துவிட்டான். என் காலில் வெந்நீர் கொட்டிப் புண். ஆறி வருகிறது.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் பெயரையும் விலாசத்தையும் சொல்லிப் புகார் எழுதிக் கொடுத்தேன். அங்கே இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரிதான் பேசினார். "அம்மா, கோர்ட்டுக்குப் போனால் உனக்குத்தான் ஆபத்து. நீ ரகசியமாக ஒரு வாக்குமூலம் கொடு. உன் பெயர் வெளியே வராது. அவனை இந்த ஜில்லாவிலிருந்தே தடிபார் பண்ணிவிடுகிறேன்" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது அண்ணா. மறைக்கவில்லை. கால் எரிந்துகொண்டிருந்தது. சரி என்றால் நாளைக்கு அவன் முகத்தில் விழிக்க வேண்டாம். பிறகு கேட்டேன்: "இங்கேருந்து அவன எங்க அனுப்புவீங்க?" "அது நம் கவலை இல்லை" என்றார்.

வேறு ஏதோ ஊரில் இன்னொரு சைனப் இருப்பாள். "நான் சொல்லுதத அவன் முகத்துக்கு நேரா சொல்லுதேன். அவனும் கேக்கட்டும், என்னையும் கேள்வி கேக்கட்டும். மறைவா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச்சில் வழக்கு.

சொர்ணம்


செம்பூர்,
2 பிப்ரவரி 1965

சொர்ணம்,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

உன் கடிதத்தை வாசித்து முருகம்மாள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எலும்பை உடைத்தவன் வெளியே திரிகிறான். நீ தனியாக அடுப்பு முன் உட்கார்ந்திருக்கிறாய். உன்னிடம் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார்கள். நீ கொள்கை பேசிவிட்டு வருகிறாய்! அமிர்தநாதனின் கன்னத்தை மறந்துவிட்டாயா? போய் அந்த ரகசிய வாக்குமூலத்தைக் கொடு. இதற்காகத்தான் அந்தச் சட்டம். பூதத்தானுக்கு அது வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன், மாப்பிள்ளை ஜெயிலில் இருக்கும்போதும் சொல்லுவேன். எளியவர்களுக்கு வீரம் பேசக் கட்டுப்படியாகாது.

என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தடிபார் ஆனவனுக்குக் கூண்டேறிச் சாட்சி சொன்ன செயலாளர் வேண்டாமாம். கட்சி ஆபீஸில் ஒருவர், "பிரம்மநாயகத்துக்கும் சிவப்பு ஒட்டிக்கிட்டுது" என்றார். செங்கொடி ஆபீஸில் போய்ச் சட்டத்தைத் திருத்தலாம் என்று சொன்னால், "உங்களைப் போன்றவர்கள்தான் கொண்டுவந்தது" என்கிறார்கள். இரண்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அதனால் நானே சட்டசபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஊரைவிட்டு வெளியேற்றும் சட்டத்தைத் திருத்த வேண்டும்; குற்றச்சாட்டு என்ன என்பதைத் தேதியோடும் இடத்தோடும் சொல்ல வேண்டும்; போலீஸ் அதிகாரிக்குப் பதில் ஒரு நீதிபதி ரகசியச் சாட்சிகளைத் தனியாக அழைத்து விசாரித்து, உண்மை என்று கண்டால் மட்டும் உத்தரவு போட வேண்டும். இவ்வளவுதான். பூதத்தானும் தப்பக் கூடாது, ஆறுமுகநயினாரும் மாட்டக் கூடாது. மாதுங்காவில் சில வக்கீல்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பூலோகம் இடது கையால் போட்டான்.

இதில் ஒரு நகல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. முதலில் போய் அந்த வாக்குமூலத்தைக் கொடு. மாட்டேன் என்றால் மார்ச்சில் வழக்கு எந்தத் தேதி என்றாவது எழுது. நான் வந்து கோர்ட்டில் முதல் பெஞ்சில் உட்காருகிறேன்.

பிரம்மநாயகம்


இகத்புரி,
4 ஏப்ரல் 1965

அண்ணனுக்கு,

நீங்கள் விசாரணையன்று வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தது எனக்குப் பலமாக இருந்தது. வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தீர்கள் என்பதையும் மறக்கவில்லை. நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மறுநாளும் என்னைக் கூப்பிட்டார்கள். பூதத்தானின் வக்கீல், "உன் புருஷன் ஜெயிலில் இருக்கிற ரவுடிதானே?" என்று தொடங்கினார். "ஜெயில்ல இருக்காரு. ரவுடின்னு சொன்னவன இன்னும் நான் பாக்கல. நீங்க பாத்திருந்தா கூட்டிட்டு வாங்க" என்றேன். மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பூதத்தான் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

பழக்காரன் வரவில்லை. டீக்கடைக்காரன் வந்து, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னான். நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது என்று நினைத்தேன். அப்போது சைனப் எழுந்தாள். வரமாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அதற்கு முந்தின நாள்வரை என்னிடம் அழுதவள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இவன்தான்" என்றாள். ஏன் வந்தாய் என்று பிறகு கேட்டேன். "நீ ஒத்தையா நின்னே. எனக்கு வெக்கமா போச்சு" என்றாள்.

நேற்று தீர்ப்பு. பூதத்தானுக்கு மூன்று மாசம்.

மூன்றே மூன்று மாசம் அண்ணா. சாட்சி, வக்கீல், வாதம், மேல்முறையீட்டு உரிமை, எல்லாம் அவனுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். கொடுக்கத்தான் வேண்டும். ஒரு பெண்ணின் எலும்பை உடைத்தவனுக்கு அத்தனையும் கொடுத்து மூன்று மாசம். உண்மையைச் சொல்ல ஒரு நாள் ஊருக்குள் வந்த மனிதருக்கு எதுவுமே கொடுக்காமல் இரண்டு வருஷம் ஊர்விலக்கு, அதற்கு மேல் ஆறு மாசம் ஜெயில். பூதத்தானுக்கு முந்தி உள்ளே போனவர் அவன் வெளியே வருகிற சமயத்தில்தான் வெளியே வருவார். ஜெயில் வாசலிலிருந்து அவரை நேரே வீட்டுக்கும் விடமாட்டார்கள். மறுபடி ரயிலேற்றி, எதிர்ப் பலகையில் உட்கார்ந்து, கசாரா தாண்டிக் கொண்டுவந்து விடுவார்கள். உத்தரவில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறதாம். பூதத்தானுக்குப் பாக்கி ஒன்றும் இல்லை. அவனுடைய ஊர்விலக்குக் கெடு முடிந்துவிட்டது. ஜெயிலிலிருந்து நேரே தாராவிக்கே போகலாம். உங்கள் பழைய கமிட்டியில் சொல்லிவையுங்கள், லட்டுக்குச் சொல்லட்டும்.

எளியவர்களுக்கு வீரம் கட்டுப்படியாகாது என்று எழுதினீர்கள். எனக்கும் பயம்தான். அவன் ஆட்கள் இன்னும் பஜாரில் இருக்கிறார்கள். நானும் சைனபும் இப்போது ஒரே அடுப்பில் உட்காருகிறோம். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி கடையைப் பார்க்கிறாள். திரை மறைவில் சொல்லியிருந்தால் நான் தனியாகத்தான் இருந்திருப்பேன். யார் சொன்னது என்று அவள் என்னையே சந்தேகப்பட்டிருப்பாள், நான் அவளை.

உங்கள் மனுவைப் பலமுறை வாசித்தேன். நல்ல எழுத்து. மனசும் நல்லதுதான். ஆனால் அதிலும் சாட்சி மறைவில்தானே இருக்கிறான்? போலீஸ் காதில் ஓதியதை ஜட்ஜ் காதில் ஓதச் சொல்கிறீர்கள். ஆறுமுகநயினார் அப்போதும் வெளியே நின்றுகொண்டுதானே இருப்பார்?

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் முதல் வரியில் 'திருத்த வேண்டும்' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'எடுத்துவிட வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வார்த்தைகளும் ஒரே காகிதத்தில் இருக்கக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால் என் பெயரை அடித்துவிடுங்கள். கோபிக்கமாட்டேன். அடிக்கும்போது மட்டும் யார் அடித்தது என்று பக்கத்தில் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

பேராச்சியைப் பரீட்சை முடிந்ததும் அழைத்து வாருங்கள். அப்பா எங்கே என்று அவளுக்கு நானே சொல்கிறேன்.

தங்கை,
சொர்ணம்மாள் ஆறுமுகநயினார்